பழைய சரக்கு மோட்டார் வண்டிகளில் பாட்டரியின் மின்னேற்றம்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையிலுள்ள மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில் விளைபொருள்களையும் பீங்கான் சாமான்களையும் சந்தைக்குக் கொண்டு செல்லச் சிறு சரக்கு மோட்டார் வண்டிகள் பெரிதும் பயன்படுகின்றன. பழைய வண்டியொன்று இரவில் விளக்கு மங்கி நடுவழியில் நின்றுவிடுமாயின், சரக்கு தாமதப்படுவதோடு, பின்வரும் லாரி அதனைக் காணாது மோதி உயிர்ச்சேதமும் நேரிடக்கூடும். இதற்குப் பரிகாரமாகப் பலர் உடனே புதுப் பாட்டரி வாங்குகின்றனர். குறை வேறிடத்திலிருப்பின் அப்பணம் வீணேயாகும்.

முதலாவது, பாட்டரியைப் பரிசோதித்தல் வேண்டும். பீடி, தீக்குச்சி முதலியவற்றை அதனருகே கொண்டு வரலாகாது. அதினின்று வெளிப்படும் வாயு வெடிக்குந் தன்மையது. முனைகளிற் பூத்துள்ள உப்பை வெந்நீரால் கழுவி, வாசலைன் தடவி, நன்கு இறுக்குக. திராவகம் குறைந்திருப்பின் காய்ச்சி வடித்த நீரையே வார்த்தல் வேண்டும். முழுதும் மின்னேறிய 12 வோல்ட் பாட்டரி, சில மணி நேரம் ஓய்ந்திருந்தபின் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் வேகமாக ஓடும்போது அவ்வளவு 14 வோல்ட்டை அடுத்து உயராவிடில், மின்னேற்றம் நடைபெறவில்லை என்றறியலாம்.

இரண்டாவது, விசிறி வாரைக் கவனிக்க. விரலால் அழுத்தினால் அரை அங்குலத்திற்கு மேல் தொய்யுமாயின் அதனை இறுக்குதல் அவசியம்.

மூன்றாவது, டைனமோ. அதன் இரு கம்பிகளையும் கழற்றி, அவ்விரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அவற்றிற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே வோல்ட்மானியை வைத்து, இயந்திரத்தின் வேகத்தைச் சிறுகச் சிறுக உயர்த்துக. முள் தடையின்றி ஏறினால் டைனமோ நன்று; 20 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடலாகாது. குறை அப்போது கட்-அவுட், ரெகுலேட்டர் அல்லது கம்பிகளில் உள்ளது. முள் அசையவே இல்லையெனில் கார்பன் பிரஷ்கள் தேய்ந்தோ, கம்யூட்டேட்டர் அழுக்கடைந்தோ இருக்கலாம்.

எல்லாம் செவ்வனே இருந்தும் இரவில் பாட்டரி குன்றுமாயின், டைனமோவின் ஆற்றலே போதாமையாம். 60 வாட் முகப்பு விளக்குகள் இரண்டு மட்டுமே 10 ஆம்பியர் கொள்ளும். லூகாஸ் ஸி40 டைனமோ தருவதோ 22 ஆம்பியர். அதுவும் வேகமாகச் சுழலும்போதுதான். ஆல்டர்னேட்டரோ மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் தரும். 1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி வேலியண்ட் காரில் இதனை அமைத்தது. சென்னை பாடியில் 1961-இல் தோன்றிய லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனி இவற்றை நம் நாட்டிலேயே செய்கிறது.

மாற்றியமைப்போர் நான்கு விஷயங்களை மறவாதிருக்க. பாட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்துள்ளதென முதலில் அறிக. பழைய பிரிட்டிஷ் வண்டிகளிற் பலவற்றில் அது நேர்முனை, ஆல்டர்னேட்டர்களிற் பெரும்பாலானவற்றிற்கு எதிர்முனை வேண்டும். பழைய மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த கம்பி இடுக. பழைய ஆம்பியர்மானி புதிய மின்னோட்டத்தைத் தாங்காதாகலின், அதனை நீக்கி வோல்ட்மானி பொருத்துக. இயந்திரம் ஓடுகையில் பாட்டரியைக் கழற்றற்க. ஆல்டர்னேட்டரின் டயோடுகள் பழுதுறும்.

இவ்வாறு முறைப்படி ஆராய்ந்து செய்யின், வீண் செலவு நீங்கி, சரக்கும் ஓட்டுவோனும் பத்திரமாக வீடு சேர்தல் திண்ணம்.