அவசரமில்லை, பிரெஞ்சு மெதுவாக வரட்டும்

பிரெஞ்சு மொழியில் 99 என்று சொல்ல ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். நான்கு இருபது, அதோடு ஒரு பத்து, அதோடு ஒன்பது. 'காத்ர-வேன்-தீஸ்-நெஃப்' என்பார்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் தொண்ணூறுக்கு 'நொனான்த்' என்று ஒரே சொல் இருக்கிறது. பிரான்சுக்காரர்களோ இன்னும் இருபது இருபதாக எண்ணுகிறார்கள்.

சிரிப்பதற்கு முன் நம் தமிழையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்துவிட்டு, தொண்ணூறில் திடீரென்று நூறைக் கொண்டுவந்து வைக்கிறோம். 900 வந்தால் 'தொள்ளாயிரம்' என்று ஆயிரத்தையே இழுத்துவிடுகிறோம். சிறு வயதில் யாரும் இதற்கு விளக்கம் கேட்பதில்லை. கேட்டுக் கேட்டு வாயில் ஒட்டிக்கொண்டது. முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு மொழியைத் தொட்டால்தான், ஒட்டிக்கொள்ள எவ்வளவு காலம் ஆகிறது என்று தெரிகிறது.

நான் பிரெஞ்சு படிக்க ஆரம்பித்து இரண்டு வருடங்களாகின்றன. தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். "கனடா போறீங்களா?", "புதுச்சேரியில சொந்தமா?", "இந்த வயசுல எதுக்கு?" முதல் இரண்டுக்கும் பதில் 'இல்லை'. மூன்றாவதற்குப் பதில்: பிடித்திருக்கிறது.

காலக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கழகம் தன் தூதரக அதிகாரிகளுக்குப் பல மொழிகளைக் கற்றுத் தருகிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் வேலைக்குப் போதுமான பிரெஞ்சு பெற, சுமார் 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் வருடத்துக்கு ஏறத்தாழ 180 மணி நேரம். ஆக, நான்கு வருடப் பயணம். மூன்றே மாதத்தில் சரளம் என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை.

என் அரை மணி நேரம் பெரும்பாலும் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் கிடைக்கிறது. பிரான்சின் ஆர்.எஃப்.ஐ. வானொலி, மொழி படிப்பவர்களுக்காகவே எளிய பிரெஞ்சில் செய்தி தயாரிக்கிறது. பத்து நிமிடம். ஒரே செய்தியை மூன்று முறை கேட்பேன். முதல் முறை பெயர்களும் ஊர்களும் மட்டும் காதில் விழும். இரண்டாம் முறை தெரிந்த சொற்கள் தலைகாட்டும். மூன்றாம் முறை ஒரு வாக்கியமாவது முழுதாகப் புரிந்தால் அன்றைக்கு அது போதும்.

பிரெஞ்சுக்குக் கண்ணைவிடக் காதை நம்புவது நல்லது. எழுத்து ஆளை ஏமாற்றிவிடும். தண்ணீரைக் குறிக்கும் சொல்லின் பன்மையில் நான்கு எழுத்துகள். ஒலிப்பதோ வெறும் 'ஓ'. 'பேசு' என்ற வினை நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நால்வருக்கும் மூன்று விதமாக எழுதப்படுகிறது. காதில் நான்கு பேருக்கும் 'பார்ல்'தான். புத்தகத்தில் தொடங்குபவருக்கு மலையாகத் தெரிவது, கேட்டுப் பழகியவருக்குச் சிறு மேடு.

வகுப்பில் எனக்கு வியப்பளித்தது, தமிழ் தரும் கைம்முதல். பிரெஞ்சு மூக்கொலிகள் கடினம் என்று பலர் திணறுவார்கள். ஆனால் 'நேத்து வந்தோம்' என்று பேச்சில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடுவதில்லை. 'ஓ' மூக்கு வழியே கரைந்து போகிறது. 'நல்ல' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலி ஏறக்குறைய அதுதான். 'வூ' என்ற சொல்லில் எழுத்தில் மட்டும் இருக்கும் ஒரு மெய், அடுத்து 'அவே' வந்தால் விழித்துக்கொண்டு 'வூஸவே' ஆகிவிடும். மணியும் ஓசையும் சேர்ந்து மணியோசை ஆவதைப் பள்ளியில் படித்த நமக்குப் புணர்ச்சி புதிதல்ல. 'நீ', 'நீங்கள்' வேறுபாடும் அங்கே உண்டு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் யாரிடம் எதைச் சொல்வது என்று யோசிக்கும்போது, நமக்கு அது வீட்டிலேயே பழகிய மரியாதை. மலாயில் யார் சாப்பிட்டாலும் 'மாக்கான்'தான். தமிழில் சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறாய் என்று விகுதி மாறும், பிரெஞ்சிலும் அப்படியே.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. அஃறிணைக்கு ஆண்பால் பெண்பால் பார்க்காத நாம், மேசை பெண்பால் என்றும் புத்தகம் ஆண்பால் என்றும் ஏற்க வேண்டியிருக்கிறது. காரணம் தேடினால் தலை வலிக்கும். மேசைக்கு 'தாப்ல்' என்று மட்டும் எழுதி வைக்காமல், முன்னால் வரும் பெண்பால் அடையாளத்தோடு 'லா தாப்ல்' என்று ஒரே சொல்லாக மனதில் போட்டுக்கொள்வதே வழி. இன்னொன்று, 'உ' சொல்ல உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' என்று ஒலிக்க வேண்டிய ஓர் உயிரொலி. அதற்குக் கண்ணாடி முன் நின்று பழகுவதைத் தவிர குறுக்கு வழி கிடையாது.

மறதியும் கூடவே வரும். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன் மறதியைத் தானே அளந்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நழுவுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் தங்குகிறது என்று அவர் கண்டார். நான் வாரத்துக்குப் பத்துச் சொற்கள் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று அவற்றைத் திரும்பச் சந்திப்பேன். வருடத்துக்கு ஐந்நூறு சொல். கடையில் கேட்டு வாங்கவும் வழி விசாரிக்கவும் அது நிறைய.

ஆனால் பெரியவர்களுக்கு இலக்கணத்தைவிடப் பெரிய தடை வெட்கம். அரசியல், சினிமா, வீட்டுக் கடன் என்று எல்லாவற்றிலும் கருத்து வைத்திருப்பவருக்கு, வாயைத் திறந்தால் "எனக்குப் பூனை பிடிக்கும்" என்பது மட்டும்தான் வரும். வானொலியில் பேசியே சம்பளம் வாங்கும் எனக்கு அந்த மௌனம் இன்னும் கனமாக இருக்கிறது. என் வகுப்பில் அதைத் தாங்கிக்கொள்ளச் செய்வது ஒன்றே ஒன்று: ஆசிரியை காத்திருக்கிறார். ஐந்து நொடி, பத்து நொடி. அவராகச் சொல்லை எடுத்துக் கொடுப்பதில்லை; ஆங்கிலத்துக்கும் தாவுவதில்லை.

அப்போதெல்லாம் எங்கள் நிலையத்துக்கு அழைக்கும் நேயர்கள் நினைவுக்கு வருகிறார்கள். "எனக்குத் தமிழ் சரியா வராது, மன்னிச்சிடுங்க" என்று தொடங்கும் இளைஞர்கள். யாரிடமோ, எப்போதோ, அவர்கள் சிரிப்பு வாங்கியிருக்கிறார்கள். திருமண வீட்டில் 'ழ' வராத பிள்ளையைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சுற்றி நின்று சிரிப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தப் பிள்ளை அடுத்த முறை ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும். பிறகு நாமே, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டாம்' என்று வருத்தப்படுவோம். அதே அமெரிக்கக் கழகம் தமிழுக்குப் போட்டிருக்கும் கணக்கு சுமார் 1,100 மணி நேரம். ஆங்கிலத்திலேயே வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த மணி நேரங்களை எங்கே கொடுத்தோம்?

மொழி ஆசிரியர்கள் கையாளும் ஒரு முறையை நாமும் வீட்டில் கையாளலாம். பிள்ளை "நான் நேத்து கடைக்குப் போறேன்" என்று சொன்னால், தப்பு என்று நிறுத்த வேண்டாம். "ஓ, நேத்துப் போனியா? யாரோட போனே?" என்று பேச்சைத் தொடரலாம். சரியான சொல் அதன் காதில் விழுந்துவிடும், பேச்சும் அறுபடாது. பதில் வர நேரமானால், கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பத்து நொடியைக் கொடுங்கள்.