சிவந்த முகமும் பெயரில்லாத புட்டியும்

திருச்சிராப்பள்ளியின் பெரியகடை வீதியிலும் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் உள்ள நாட்டு மருந்துக் கடைகளைக் கடந்து செல்லும்போது வெட்டிவேரும் ஆவாரம்பூவும் கோரைக்கிழங்கும் பூலாங்கிழங்கும் கலந்து வீசுகிற மணம், இவ்வூர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இளமை முதலே பழக்கமானதாகையால், செடி கொடிகளிலிருந்து கிடைப்பவை யாவும் சரீரத்துக்கு அனுகூலமானவையே என்ற நம்பிக்கை எந்தப் பரீட்சையும் இன்றியே நம் மனத்தில் ஊன்றிவிட்டது. அந்த நம்பிக்கையில் உண்மை மிகுதியும் உண்டு. ஆனால் வெயிலில் முகம் சிவந்து, கன்னம் காந்தி, சோப்பு பட்டால்கூட எரிச்சல் கண்டு தவிக்கிறவர்களிடம், 'முழுவதும் மூலிகை, பக்கவிளைவு கிடையாது' என்று சொல்லிப் பொடியும் தைலமும் களிம்பும் விற்கிற வியாபாரம் கடைவீதியிலும் பொருட்காட்சியிலும் கைபேசியிலும் பெருகிவருவதைப் பார்க்கும்போது, அந்தப் பழைய நம்பிக்கையே நமக்குக் கேடாக முடிகிறதோ என்ற கவலை உண்டாகிறது. எளிதில் சிவக்கும் சருமத்தை உடையவர்கள்தாம் இத்தகைய வஸ்துக்களை மிகுதியாக நாடுகிறார்கள்; அவற்றால் மிகுதியாகத் துன்புறுகிறவர்களும் அவர்களே.

நம் வீட்டு நலங்கு மாவையே எடுத்துக்கொள்வோம். பாசிப்பயறும் ரோஜா இதழும் சேர்ந்த அந்த மாவில், கடைக்காரர் வழக்கமாகச் சேர்த்துக் கட்டித் தருகிற சரக்குகளில் கார்போகரிசி என்ற கருநிற விதையும் பல சமயம் இடம்பெறுகிறது. வெண்புள்ளி நோய்க்கு நம் முன்னோர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த அருமையான ஔஷதம் அது. அதிலுள்ள சோரலென் என்னும் பொருள் சருமத்தில் படிந்து, பிறகு அந்த இடத்தில் வெயில் படும்போது சூரியனின் புற ஊதாக் கதிர்களால் கிளர்ச்சியுற்று வேலை செய்வதே அந்தச் சிகிச்சையின் தத்துவம். வைத்தியர் அளவறிந்து பிரயோகிக்கும்போது குணமாக அமைகிற அதே சக்தி, காலையில் முகத்தில் பூசிக் குளித்துவிட்டுச் சித்திரை வெயிலில் சத்திரம் பேருந்து நிலையத்தில் காத்து நிற்கிற பெண்ணின் கன்னத்தில், ஒன்றிரண்டு நாள் கழித்துத் தீக்காயம் போன்ற சிவப்பாகவும் கொப்புளமாகவும், அதன்பின் மாதக்கணக்கில் மறையாத கருமையாகவும் வெளிப்படக்கூடும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்கு நேர்வதும் இதே விபத்துதான். சிவக்கும் சருமம் உள்ளவர்களும் குழந்தையைக் குளிப்பாட்ட மாவு அரைக்கிறவர்களும், கார்போகரிசி இல்லாமல் கட்டித் தரும்படி கடைக்காரரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.

கஸ்தூரி மஞ்சளின் கதை வேறு விதமானது. உண்மையான கஸ்தூரி மஞ்சளின் உட்பகுதி ஆழ்ந்த மஞ்சளாக இல்லாமல் வெளிர்ந்து, கற்பூரத்தை ஒத்த மணம் உடையதாக இருக்கும். சந்தையில் மஞ்சள் நிறத் துண்டுகளாக அதே பெயரில் விற்கப்படுவது பல இடங்களில் அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு கிழங்கே. இந்த மயக்கத்தை விற்பவர் எல்லோரும் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று சொல்வது அநியாயம். அவர்களுக்கே அந்தப் பெயரில்தான் சரக்கு வந்து சேர்கிறது. ஒரு செடியை இன்னதென்று நிர்ணயிப்பது எத்தனை நுட்பமான சாஸ்திரம் என்பதைத் திருச்சியில் உள்ளவர்கள் தொலைதூரம் போகாமலே தெரிந்துகொள்ளலாம். தூய வளனார் கல்லூரியில் 1967-இல் கே. எம். மாத்யூ அடிகளார் நிறுவிய ராபினாட் உலர்தாவரக் காப்பகமும், அங்கிருந்து அவர் தமிழகத்துச் சமவெளித் தாவரங்களைப் பற்றி 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட பெருநூலும், இலையையும் பூவையும் காயையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒரு பெயரைச் சொல்லத் துணிகிற ஒழுக்கத்துக்குச் சான்றாக நிற்கின்றன. பொட்டலத்தில் கட்டிய பொடிக்கு இலையும் இல்லை, பூவும் இல்லை. விற்பவரின் வார்த்தை ஒன்றே ஆதாரம்.

சிவப்பைத் தணிப்பதில் நல்ல பெயர் பெற்ற தாவரங்கள் இல்லாமல் இல்லை. ஓட்ஸ் தானியத்தை மிக நுண்ணிய மாவாக்கிப் பயன்படுத்துவதை அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2003-இல் சருமப் பாதுகாப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டது. வல்லாரையின் சாரமும் சோற்றுக்கற்றாழையின் தெளிந்த சோறும் பலருக்கு இதமளிக்கின்றன. ஆயினும் கற்றாழை மடலை வெட்டியவுடன் வடிகிற மஞ்சள் நிறப் பால் அரிப்பை உண்டாக்குவதாகையால், மடலை நிமிர்த்தி வைத்து அதை முழுவதும் வடியவிட்டு, கழுவிய பிறகே சோற்றை எடுக்க வேண்டும். அதிமதுரத்தைப் பற்றி விளம்பரங்கள் எடுத்துக்காட்டுகிற ஆராய்ச்சிகளில் முக்கியமானவை, சீனத்தில் விளையும் வேறொரு அதிமதுர இனத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு தனிப்பொருளைப் பற்றியவை. நம் கடைகளில் கிடைக்கும் வேரை இடித்துப் பூசினால் அதே பலன் கிட்டும் என்று அவற்றைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

சாமந்தி இனத்துச் செடிகளின் விஷயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதை தேவை. புறநகர் மனைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியச் செடியின் தூசு காற்றில் வந்து படுவதாலேயே முகமும் கழுத்தும் கண்ணிமையும் சிவந்து தடித்துப்போகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய உடல் அந்தச் செடியிலுள்ள ஒருவகை ரசாயனப் பொருளை வெறுக்கப் பழகிவிட்டபடியால், அதே குடும்பத்தைச் சேர்ந்த செவ்வந்திப் பூவைத் தொட்டாலும், சருமத்தைச் சாந்தப்படுத்தும் என்று புகழப்படும் சீமைச்சாமந்திச் சாரம் கலந்த களிம்பைப் பூசினாலும், தணிய வேண்டிய சிவப்பு மேலும் பொங்கி எழக்கூடும். ஸ்ரீரங்கத்துப் பூச்சந்தையில் நாள் முழுவதும் செவ்வந்தி தொடுக்கிறவர்கள் தங்கள் விரலிலும் முகத்திலும் வரும் அரிப்பைத் தண்ணீர்க் கோளாறு என்று ஒதுக்கிவிடாமல் தோல் டாக்டரிடம் காட்டுவது நல்லது. தேயிலைமர எண்ணெய், லவண்டர் எண்ணெய் போன்ற வாசனைத் தைலங்களும் காற்றுப்பட்டு நாட்பட நாட்படச் சருமத்துக்குப் பகையாகின்றன. எதையும் முகத்தில் போடுமுன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணயத்தின் அளவு இடத்தில் தினம் இரு வேளையாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பூசிப் பார்ப்பது எளிய பரீட்சை.

இதுவரை சொன்னவை தாவரத்தின் இயல்பால் வருகிற உபாதைகள். இவற்றினும் கொடியது, தாவரத்தின் பெயரால் வேறொன்று புட்டிக்குள் புகுந்துவிடுவது. பூசிய மூன்றாம் நாளே சிவப்பு மறைந்து முகம் பளபளக்கிறதென்றால், மகிழ்ச்சிக்கு முன்னால் சந்தேகம் வர வேண்டும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் முதலிய ஸ்டீராய்டு மருந்துகளுக்கு அந்த உடனடி ஜாலம் உண்டு. வாரக்கணக்கில் தொடர்ந்து பூசும்போது தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் கோடுகளாகத் தெரிந்து, பருக்கள் எழுந்து, பூச்சை நிறுத்தினால் முன்னினும் பன்மடங்கு சிவப்பும் எரிச்சலும் திரும்பிவர, அதற்குப் பயந்து மறுபடியும் அதையே பூசுகிற அடிமைத்தனத்தில் மனிதர் சிக்கிக்கொள்கிறார்கள். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாட்டின் பல நகரங்களில் முகத்தோல் உபாதைக்காக மருத்துவமனைக்கு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசி வந்தது தெரிந்தது. தோல் மருத்துவர்கள் விடாமல் வற்புறுத்தியதன் பயனாக 2018 மார்ச்சில் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

வெளுப்பாக்கும் களிம்புகள் சிலவற்றில் கலந்திருக்கும் பாதரசம் மற்றொரு மறைமுகச் சத்துரு. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகளைப் பூசியவர்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். முகத்தில் தடவியது சிறுநீரகத்தைச் சென்று தாக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்? 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி பாதரசம் சேர்ப்பது குற்றம். தற்செயலாகக் கலந்தாலும், கண்ணுக்கென்று தயாராகும் பொருள்களைத் தவிர மற்றவற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி சந்நிதி இருப்பதை அறியாதார் இல்லை. அந்தக் கோயிலைச் சார்ந்து ஓர் ஆரோக்கியசாலை இருந்ததையும், பழுதுபட்டிருந்த அதனைக் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்ததையும் 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று தெரிவிக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு மருந்துச்சாலையைப் புதுப்பித்தவரின் பெயர் இன்னும் கல்லில் இருக்கிறது. நேற்று வாங்கிய புட்டியைச் செய்தவர் யார் என்பது வாங்கியவருக்கே தெரியவில்லை. செய்தவரின் பெயர் தெரிந்தாலன்றிப் பொறுப்பை யார்மீதும் சுமத்த முடியாதாகையால், சட்டம் முதலில் வற்புறுத்துவதும் அந்தப் பெயரைத்தான். தயாரித்தவரின் பெயரும் விலாசமும், தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு, சேர்ந்துள்ள பொருள்களின் பெயர்கள் ஆகியவை அழகுசாதனப் பொருளின் சீட்டில் இருந்தே தீர வேண்டும். பொருள்களின் பெயர்கள் அளவில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தப்படுவதால், 'வல்லாரைக் களிம்பு' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு வல்லாரையைப் பட்டியலின் கடைசியில், வாசனைக்கும் பின்னால் எழுதியிருந்தால், அதில் வல்லாரை எவ்வளவு என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். சித்த மருந்தாக விற்கப்படுவதானால் அதற்கும் தனி உரிமமும் சித்த மருந்து என்ற குறிப்பும் அவசியம்.

நோயைக் குணமாக்குவதாகச் சொல்லும் உரிமை அழகுசாதனப் பொருளுக்குக் கிடையாது. விளம்பரத்தில் சொல்லும் பலனுக்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் விளம்பர வழிகாட்டு நெறிகளின் கட்டளை. ஆதாரமின்றி ஏமாற்றும் விளம்பரத்துக்கு முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அத்தகைய விளம்பரத்தைப் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமே எழுதிக் கொடுக்கலாம்.

நம்மில் அநேகர் அறியாத உரிமை ஒன்று 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 26-ஆவது பிரிவில் இருக்கிறது. தாம் விலைகொடுத்து வாங்கிய மருந்தையோ அழகுசாதனப் பொருளையோ, உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுத்து, அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறுவதற்குச் சாதாரணக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் அது அதிகாரம் அளிக்கிறது. ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்குமென்று சந்தேகிக்கிறவர்கள் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் திருச்சி அலுவலகத்தில் இதற்கான முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆகவே, முகம் வெந்துபோன கோபத்தில் புட்டியைக் குப்பையில் வீசிவிடாதீர்கள். மீதியுள்ள களிம்பும் அட்டைப்பெட்டியும் ரசீதும் விளம்பரத்தின் படமும், நாள் குறித்து எடுத்த முகத்தின் புகைப்படங்களும், டாக்டரின் சீட்டும் வழக்கின் உயிர்நிலைகள். ரசீது கொடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்பதால், நூறு ரூபாய்ப் பொடிக்கும் ரசீது கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துச் சமரசத்துக்கு முயலலாம். அது பயன்படாவிட்டால் திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நஷ்டஈடு கோரலாம். விற்ற கம்பெனி மும்பையிலோ தில்லியிலோ இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குத் தொடுக்க இப்போது இடமுண்டு. வக்கீல் அவசியமில்லை; பொருளின் விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாதவரை கட்டணமும் இல்லை; இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும். கலப்படம் பரிசோதனையால்தான் தெரியும் என்றால் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, சிவப்பின் காரணத்தை அறியாமல் அதைத் தணிக்க முற்படுவதே பல துன்பங்களுக்கு மூலம். நம்முடைய மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு சிவப்பாகத் தெரியாமல் கருமையாகவோ வெறும் எரிச்சலாகவோ தோன்றுவதால் ரோசேசியா என்னும் நோய் ஆண்டுக்கணக்கில் அடையாளம் காணப்படாமல் போகிறது. இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோலச் சிவப்பு விரிந்து, மூட்டுவலியும் காய்ச்சலும் அசதியும் கூடியிருந்தால், அது உள்ளுறுப்புகளையும் தாக்கும் லூபஸ் நோயாக இருக்கக்கூடும். அங்கே மூலிகையும் களிம்பும் காலத்தை வீணாக்குவன. புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் செல்லும்போது, இதுவரை பூசிய புட்டிகளையும் பொட்டலங்களையும் ஒன்றுவிடாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டு கலந்ததை நெடுநாள் பூசியவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்திவிட்டு வேறொரு மூலிகையைத் தேடாமல், படிப்படியாக விடுபடும் வழியை மருத்துவரிடமே கேட்பது அவசியம்.

இங்கே வீட்டில் பொடி அரைத்து விற்றுக் குடும்பம் நடத்துகிற பெண்களை எண்ணிப் பார்க்கிறேன். அவர்களில் பலர் யாரையும் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்லர். விற்பனைக்காக அழகுசாதனப் பொருள் தயாரிக்க உரிமம் வேண்டும் என்பதே அவர்களில் பலருக்கு எட்டாத செய்தி. எட்டியவர்களுக்கோ, தனித் தொழிற்கூடம் அமைக்கும் செலவு மலைப்பைத் தருகிறது. 2020-ஆம் ஆண்டின் விதிகளில் கடன் உரிமம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. சொந்தமாகக் கூடம் இல்லாதவர்கள், உரிமம் பெற்ற மற்றொருவரின் கூடத்தில் தங்கள் பெயரில் சரக்கைத் தயாரித்துக்கொள்ள அது இடமளிக்கிறது. மகளிர் குழுக்களுக்குப் பொடி அரைக்கும் பயிற்சியும் கடனுதவியும் அளிக்கிற அலுவலர்கள், முதல் நாளிலேயே இந்த உரிமத்துக்கான விண்ணப்பத்தையும் அவர்கள் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லித்தர வேண்டும்.