பால் உறையின் கணக்கு

கோவிந்தாபுரம், பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில் அமைந்த எல்லையூர். கேரளத்தின் பிற ஊர்களைப் போன்றே இங்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடுதோறும் சென்று, கழுவி உலர்த்திய நெகிழி உறைகளைப் பெறுகின்றனர். ஊராட்சிப் பகுதிகளில் இதற்கு மாதக் கட்டணம் பெரும்பாலும் 50 ரூபாய்.

திரட்டிய நெகிழி முழுவதும் மறுசுழற்சியாவதில்லை. 10 கிலோ சேர்ந்ததாகக் கொள்வோம். அதில் 3 கிலோ எண்ணெய்ப் பிசுக்கும் பல அடுக்கும் கொண்ட உறைகள் எனில் அவை ஒதுக்கப்படும். ஆலையில் கழுவும்போது அழுக்கும் ஈரமுமாக இன்னும் 1 கிலோ கழியும். எஞ்சிய 6 கிலோவே மீண்டும் பொருளாகும். ஆகவே திறன் 60 விழுக்காடு, 100 அன்று. ஐரோப்பிய ஒன்றியமும் 2019இல் வகுத்த விதிப்படி, திரட்டிய எடையை விடுத்து, உருக்கும் நிலையை எட்டும் எடையையே கணக்கிடுகிறது. நேர்மையான கணக்கு அதுவே.

பால் உறை பாலிஎத்திலீன் என்னும் ஒரே வகை நெகிழியால் ஆனது. எனவே விலை போகும். சிப்ஸ் உறையிலோ நெகிழியோடு உலோகப் படலம் ஒட்டியிருக்கும். அதைப் பிரிக்கும் செலவு விற்பனை விலையை விஞ்சும். ஆதலால் அது பெரும்பாலும் சிமெண்ட் ஆலை உலைக்கு எரிபொருளாகச் செல்கிறது. அது மறுசுழற்சி ஆகாது.

போக்குவரத்தும் செலவே. நசுக்கிக் கட்டாத நெகிழியை ஏற்றிய லாரி பாதிக்குமேல் காற்றையே சுமக்கிறது.

நீரும் இக்கணக்கில் சேரும். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் கோடையில் நீர் அரிது. ஓர் உறைக்கு ஒரு வாளி நன்னீர் செலவிட்டால் பயன் குன்றும். அரிசி கழுவிய நீரே அதற்குப் போதும்.