பூட்டும் தூண்டிலும்

ஏறாவூர்க் கடைத்தெருவில் சாரம் வாங்குபவர் துணியை விரலால் தடவிப் பார்க்கிறார், கடைக்காரரை அறிவார், பிழை காணின் மறுநாள் திரும்பி வந்து கேட்கவும் செய்வார். அதே சாரத்தைக் கைத்தொலைபேசி வாயிலாக வாங்கும்போது துணியும் கைக்கெட்டாது. விற்பவரின் முகமும் தெரியாது. இக்குறையை ஓரளவு நிரப்ப எழுந்தவையே இணைய வணிகத்தின் பாதுகாப்பு முறைகள். அவற்றின் பெயர்களைப் பொருளுணர்ந்து அறியாதவர் கைப்பணத்தை இழக்க நேரிடும்.

முதலாவது மறைகுறியாக்கம். அனுப்பும் செய்தியை இடையில் பறிப்பவர் படிக்க இயலாதவாறு உருமாற்றுவதே அது. 1976ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான டிஃபியும் ஹெல்மனும் இதற்கொரு புதுவழியை வெளியிட்டனர். திறந்த பூட்டை யாவர்க்கும் வழங்கித் திறவுகோலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வணிகனுக்கு அம்முறையை ஒப்பிடலாம். பூட்டுவார் பலர், திறப்பார் ஒருவரே. இணையத்தள முகவரியின் தொடக்கத்தில் காணும் ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்னும் எழுத்துக்களும், சில திரைகளில் தோன்றும் பூட்டுக் குறியும் இக்காவலையே உணர்த்துகின்றன.

ஆயின், இக்குறி வழிக்குக் காவலேயன்றி ஆளுக்குச் சான்றன்று. வாவியில் தோணி பழுதின்றிச் செல்வதனால், அக்கரையில் காத்திருப்பவர் நல்லவர் என்று ஆகிவிடுமா? மோசடிக்காரரும் தம் தளத்திற்குப் பூட்டுக் குறியைப் பெறலாம்.

இங்கேதான் தூண்டில் மோசடி நுழைகிறது. ‘உமது பொதி தபாலகத்தில் தங்கியுள்ளது, சிறு கட்டணம் செலுத்துக’ என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அதிலுள்ள இணைப்பு போலித் தளத்திற்கு அழைத்துச் செல்லும். கடித உறையில் எத்தனை பெயர்கள் இருந்தாலும், இறுதி வரியில் உள்ள ஊருக்கே கடிதம் போய்ச் சேரும். இணைய முகவரியும் அத்தகையதே. தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விடுத்து, அடுத்து வரும் முதற் சாய்கோட்டுக்கு முன், ‘காம்’, ‘எல்.கே.’ போன்ற முடிவை ஒட்டி நிற்கும் பெயரே தளத்திற்கு உரியவரைக் காட்டும். அதற்கு முன்னே வங்கியின் பெயர் நின்றாலும் அது வெறும் அலங்காரமே.

வங்கி அனுப்பும் ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண், பணத்தை விடுவிக்கும் கையொப்பத்திற்கு நிகரானது. அதனைக் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பவர் எவராயினும் சொல்லலாகாது. ஏமாந்தது தெரிந்தவுடன், வந்த செய்தியிலுள்ள எண்ணை விடுத்து, வங்கி அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணுக்கே அறிவித்தல் வேண்டும்.

சட்டமும் துணை நிற்கிறது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலத்திரனியல் ஒப்பந்தங்களுக்கு மதிப்பளித்தது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் கணினிக் குற்றங்களை வரையறுத்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனியாள் தரவுகளின் பாதுகாப்புக்காக இயற்றப்பட்டது. எனினும் சட்டம் பெரும்பாலும் இழப்புக்குப் பின்னரே வருவது. இழப்புக்கு முன்னர் வரவேண்டியது, விரல் திரையைத் தொடுமுன் முகவரியை ஒருமுறை படிக்கும் பொறுமையே.