யானைக்குட்டிக்குத் துணைக்குப் படுக்கும் மனிதர்கள்... தெரியுமா உங்களுக்கு?

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால். உச்சி வெயிலிலும் அப்படித்தான், நள்ளிரவிலும் அப்படித்தான், ஊரே அடங்கிக் கிடக்கும் விடிகாலை மூன்று மணிக்கும் அப்படித்தான்! குடிப்பது யார் தெரியுமா? பிறக்கும்போதே நூறு கிலோ எடை இருந்த குழந்தைகள். புட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் தெரியுமா? பச்சைக் கோட்டு போட்ட ஆண்கள். கென்யாவின் தலைநகர் நைரோபியில், ஷெல்ட்ரிக் வனவிலங்கு அறக்கட்டளை நடத்தும் யானைக்குட்டிக் காப்பகத்தில் வருடம் முழுக்க, ஒரு நாள்கூட விடாமல் நடக்கிற வேலை இது.

அந்த இடமே ஓர் ஆச்சரியம். காப்பகம் இருப்பது நைரோபி தேசியப் பூங்காவுக்குள். 1946-ல் தொடங்கிய பூங்கா, 117 சதுர கிலோமீட்டர். ஒரு நாட்டின் தலைநகர எல்லைக்குள்ளேயே சிங்கமும் காண்டாமிருகமும் ஒட்டகச்சிவிங்கியும் சுதந்திரமாகத் திரிகின்றன! ஆனால் இவ்வளவு இருக்கும் அந்தக் காட்டில் காட்டு யானைக் கூட்டம் ஒன்றுகூடக் கிடையாது தெரியுமா? அங்கே காணக் கிடைக்கும் யானைகள் எல்லாம் இந்தக் காப்பகத்துக் குட்டிகள்தாம். எங்கெங்கோ இருந்து வந்தவை. தாயைத் தந்தத்துக்காகக் கொன்றுவிட்டார்கள். அல்லது வறட்சியில் தாய் விழுந்து எழவே இல்லை. அல்லது கால்நடை மேய்ப்பவர்கள் தண்ணீருக்காகத் தோண்டிய கிணற்றுக்குள் குட்டி விழுந்து, கூட்டம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. தகவல் வந்த உடனே பராமரிப்பாளர்கள் பால் புட்டியோடு சிறிய விமானத்தில் ஏறிவிடுகிறார்கள். குட்டியை மெத்தையில் படுக்க வைத்துக் கட்டி, காது மடலில் தெரியும் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே பறந்து வருகிறார்கள். யானை விமானத்தில் வருகிறது!

இதே பூங்காவில்தான் 2016 ஏப்ரல் 30 அன்று கென்ய அரசு 105 டன் தந்தத்தைக் குவித்துத் தீ வைத்தது. 1989-லும் இங்கேதான் 12 டன் எரிந்தது. தந்தத்துக்கு விலை என்று ஒன்று இருக்கும்வரை இந்தக் கொலைகள் நிற்காது என்று உலகத்துக்குச் சொல்ல அந்த நாடு எடுத்த முடிவு அது. அந்தக் குவியலில் எத்தனை தாய்கள் இருந்திருப்பார்கள் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது.

சரி, பாலுக்கு வருவோம். யானைக்குட்டிக்குப் பசும்பால் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? செத்துப்போகும். பசும்பாலில் உள்ள கொழுப்பு அதற்குச் சுத்தமாக ஆகாது. வயிற்றுப்போக்கு பிடித்துச் சில நாட்களில் துவண்டுவிடும். தாயில்லாத பால்குடிக் குட்டியை வளர்க்கவே முடியாது என்றுதான் ஒரு காலத்தில் எல்லோரும் கைவிட்டிருந்தார்கள். கைவிடாதவர் ஒருவர் இருந்தார்: டாஃப்னி ஷெல்ட்ரிக். அவர் கணவர் டேவிட் ஷெல்ட்ரிக், ட்ஸாவோ கிழக்கு தேசியப் பூங்காவின் முதல் வார்டன். அந்தக் காட்டில் குடியிருந்த காலத்திலிருந்தே டாஃப்னி, தேடி வந்த அநாதைக் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடங்கள், ஒன்று மாற்றி ஒன்றாகக் கலந்து பார்த்து, ஒவ்வொரு குட்டியையும் பறிகொடுத்துப் பறிகொடுத்துக் கடைசியில் விடை எதில் கிடைத்தது தெரியுமா? தேங்காய் எண்ணெயில்! மனிதக் குழந்தைகளுக்கான பால்பவுடர் ஒன்றில் தேங்காய் எண்ணெய் சேர்த்திருந்தார்கள். அதைக் கொடுத்தபோது குட்டி பிழைத்தது. தாய் யானையின் பாலில் உள்ள கொழுப்புக்கு மிக நெருங்கி வருவது தேங்காயின் கொழுப்புதான். தினமும் நாம் தாளிக்கிற, தலைக்குத் தடவுகிற பொருள், ஆப்பிரிக்க யானையின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது!

1974-ல் அந்தப் பாலைக் குடித்து வளர்ந்த குட்டியின் பெயர் ஆயிஷா. இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆயிஷா நன்றாகத் தேறியது, கொழுகொழுவென்று ஆனது, டாஃப்னியின் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஆறு மாதக் குட்டியாக இருந்தபோது டாஃப்னி தன் மகளின் கல்யாணத்துக்காக ஊருக்குப் போக வேண்டியிருந்தது. கொஞ்ச நாள்தான். பால் அதே பால், இடம் அதே இடம். ஆனால் அவர் இல்லை. ஆயிஷா பால் குடிப்பதை நிறுத்தியது. செத்துப்போனது.

நோய் எதுவும் இல்லை, ஏக்கம்தான். அந்த ஒரு சாவிலிருந்து டாஃப்னி கற்றுக்கொண்டதுதான் இன்று காப்பகம் முழுக்கச் சட்டமாக இருக்கிறது: எந்தக் குட்டிக்கும் ஒரே ஆள் தாயாக ஆகிவிடக் கூடாது. இன்று இரவு இந்தக் கொட்டடியில் குட்டிக்குத் துணைக்குப் படுத்த பராமரிப்பாளர் நாளை அடுத்த கொட்டடிக்கு மாறிவிடுவார். ஒருவர் விடுப்பில் போனாலும் குட்டி உடைந்துபோகாது, ஏனென்றால் அதற்கு ஒரு குடும்பமே இருக்கிறது. பாசத்தைக் குறைக்கவில்லை, பலருக்கும் பங்குபோட்டுவிட்டார்கள். டேவிட் 1977-ல் இறந்தபோது அவர் நினைவாக டாஃப்னி தொடங்கியதுதான் இந்த அறக்கட்டளை. 2018-ல் டாஃப்னியும் போய்விட்டார். மகள் ஆஞ்செலா நடத்துகிறார். அந்தச் சட்டம் மட்டும் மாறவில்லை.

இரவில் அந்தக் கொட்டடிக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பாருங்கள். மரச்சுவர். தரையில் வைக்கோல். அதில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் குட்டி. அதன் தலைக்கு மேலே, சுவரை ஒட்டிப் பரண் மாதிரி ஒரு பலகைப் படுக்கை. அதில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பராமரிப்பாளர். மூன்று மணி நேரம் ஆனதும் அலாரம் அடிக்க வேண்டியதே இல்லை சில இரவுகளில்! கீழேயிருந்து ஒரு சின்னத் துதிக்கை மேலே வரும். தடவிப் பார்க்கும். கம்பளியின் நுனியைப் பிடித்து இழுக்கும். எழுந்திரு, பால் கொடு! பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்காவிட்டால் சின்னக் குட்டிகள் தூங்குவதில்லை. காட்டில் தாயின் வயிற்றோடு ஒட்டிப் படுத்த உடம்பு அது. தாய் கொல்லப்பட்டதைக் கண்ணால் பார்த்த குட்டிகள் தூக்கத்தில் அலறிக்கொண்டு எழுவதை டாஃப்னி பலமுறை சொல்லியிருக்கிறார். அப்போது இருட்டில் ஒரு மனிதக் கை வந்து தடவிக் கொடுக்கும்.

பகலில் பால் ஊட்டுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது தெரியுமா? புட்டியை நீட்டினால் மட்டும் புதுக் குட்டி குடிக்காது. தாயிடம் குடிக்கும்போது துதிக்கையைத் தாயின் உடம்பில் சாய்த்துக்கொண்டு வாயால் சப்பிக் குடித்துப் பழகியது. துதிக்கைக்குச் சாய இடம் வேண்டும். ஆகவே ஒரு பெரிய கம்பளியைத் தொங்கவிட்டு, அதன் அடியில் புட்டியை நீட்டுகிறார்கள். குட்டி கம்பளியில் துதிக்கையை ஊன்றி, கண்ணை மூடி, கடகடவென்று குடிக்கிறது. ஒரு துணியைத் தாயின் வயிறு என்று நம்புகிறது அந்தக் குழந்தை!

துதிக்கை என்றதும் இன்னொன்று. பிறந்த குட்டிக்குத் துதிக்கையை வைத்து என்ன செய்வது என்றே தெரியாது! பல்லாயிரம் தசைக்கட்டுகள் உள்ள உறுப்பு, கட்டுப்பாடே இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். அதன் மேலேயே கால் வைத்துவிடும். வாய்க்குள் விட்டுச் சப்பிக்கொண்டிருக்கும். தண்ணீரை உறிஞ்சி வாயில் ஊற்றிக்கொள்ளப் பல மாதப் பழக்கம் வேண்டும். அதுவரை மண்டியிட்டு வாயாலேயே குடிக்கும். பல் முளைப்பதோ உயிர் போகிற சமாசாரம். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்து, நேற்றுவரை ஓடியாடிய குட்டி இன்று தலை தூக்க முடியாமல் கிடக்கும். வாழ்நாளில் ஆறு தடவை கடைவாய்ப் பல் முளைக்கிற பிராணிக்கு முதல் பல்லே இத்தனை பாடு. பெரிய யானைகளின் லத்தியைக் குட்டிகள் தின்பதுண்டு, தெரியுமா? முகம் சுளிக்காதீர்கள், இலை தழையைச் செரிக்கத் தேவையான நுண்ணுயிர்கள் குடலுக்குள் போய்ச் சேரும் வழி அது.

காலை ஆறு மணி வாக்கில் கொட்டடிக் கதவுகள் திறக்கும். எல்லோரும் வரிசையாகக் காட்டுக்குள். குளிர் காலையில் முதுகில் கம்பளி கட்டி அனுப்புகிறார்கள், சளி பிடித்து நிமோனியா வந்தால் சின்னக் குட்டி தாங்காது. வெயில் ஏறினால் காது மடலுக்கு சன் ஸ்கிரீன்! ஆமாம், யானைக்கு சன் ஸ்கிரீன். தாய் இருந்தால் அவள் நிழலிலேயே நின்றிருக்கும், இங்கே தைலம்தான் நிழல். பதினொரு மணிக்குச் சேற்றுக் குளியல். அந்த ஒரு மணி நேரம் மட்டும் பொதுமக்கள் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்க்கலாம். குட்டிகள் புட்டியைக் கண்டதும் காதை விரித்துக்கொண்டு ஓடி வரும். குடித்து முடித்துச் சேற்றில் விழுந்து புரளும். அதே சேற்றுக்குக் காட்டுப்பன்றிகளும் வந்து நிற்கும், அவற்றைத் துரத்துவதில் குட்டிகளுக்கு அப்படி ஒரு ஆனந்தம்!

எனக்குப் பெரிய அதிசயம் இவை எதுவும் இல்லை. இரண்டு வயதுப் பெண் குட்டி தாயாகிவிடுவதுதான். புதிதாக ஒரு குட்டி, பயந்து நடுங்கி, மனிதர்களை முட்டித் தள்ளிக்கொண்டு வந்து இறங்கும். உடனே மூத்த பெண் குட்டிகள் சூழ்ந்துகொள்ளும். துதிக்கையால் வாயைத் தொடும், முதுகைத் தடவும், அடித்தொண்டையில் உறுமும். மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியிலும் யானைகள் பேசிக்கொள்கின்றன. பெயர் போன்ற தனித்தனி ஒலியால் ஒன்றையொன்று அழைக்கின்றன என்று கென்யாவின் சம்புரு, அம்போசெலி யானைகளை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் வெளிவந்தது. மனிதர்கள் பால் கொடுக்கலாம், மருந்து கொடுக்கலாம். ‘பயப்படாதே’ என்று யானை மொழியில் சொல்ல இன்னொரு யானைதான் வேண்டும்!

காப்பகத்தில் ஒரு காண்டாமிருகமும் இருக்கிறது, மேக்ஸ்வெல். 2007-ல் குட்டியாக வந்தபோதே கண் தெரியாது. அறுவை சிகிச்சை கைகொடுக்கவில்லை. காட்டுக்கு அனுப்ப முடியாது என்பதால் அதுவே அதன் நிரந்தர வீடு. இங்கேயே வளர்ந்து காட்டுக்குப் போய்விட்ட சோலியோ என்ற பெண் காண்டாமிருகம் அவ்வப்போது தானாகவே திரும்பி வந்து, மேக்ஸ்வெல்லுக்குப் பக்கத்துக் கொட்டடியில் தங்கிவிட்டுப் போயிருக்கிறது தெரியுமா?

குட்டிகள் மட்டும் இங்கேயே இருப்பதில்லை. ஏறக்குறைய மூன்று வயதில் பிரிவு. அதற்கென்று செய்த லாரி வந்து நிற்கும். அதற்குள்ளே ஏறிப் பால் குடிக்கப் பல நாள் பழக்குவார்கள். ஒருநாள் விடியுமுன்னே லாரி கிளம்பிவிடும். போய்ச் சேரும் இடம் ட்ஸாவோ. இத்தும்பா, வோய் என்று இரண்டு முகாம்கள் அங்கே. இறங்கியதும் செம்மண்ணில் புரண்டு, சாம்பல் நிறக் குட்டி செங்கல் நிறமாகிவிடும்! காலில் தோட்டா பாய்ந்தவை, பொறியில் சிக்கி நொண்டியானவை ட்ஸாவோவின் வறண்ட காட்டில் வெகுதூரம் நடக்க முடியாதே? அவற்றுக்காக 2014-ல் கிப்வெசி காட்டில் உமானி ஊற்றுப் பக்கம் மூன்றாவது முகாம். அங்கே முதல் கூட்டத்துக்குத் தலைவிகளானவை யார் தெரியுமா? முரேரா, சோன்ஜே. இரண்டுமே கால் ஊனமானவை.

காட்டுக்குள் முழுதாகப் போய்ச் சேரப் பல வருடங்கள் ஆகின்றன. யாரும் துரத்துவதில்லை. ஒருநாள் ஒரு காட்டுக் கூட்டத்தோடு தண்ணீர் குடிக்கும், ஓரிரவு வெளியே தங்கும், பயந்து திரும்பி வரும், மறுபடி போகும். தீர்மானிப்பது யானைதான். போன பிறகும் மறப்பதில்லை. காயம் பட்டால் நேராகப் பழைய முகாமுக்கு நடந்து வந்து நிற்கின்றன!

டாஃப்னிக்கு நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எலினார் அவர் வளர்த்த யானைகளில் ஒருத்தி, எத்தனையோ அநாதைகளுக்குத் தாயாக இருந்தவள். ட்ஸாவோவில் ஒருநாள் எதிரே நின்ற பெரிய பெண் யானையை எலினார் என்று நினைத்து டாஃப்னி அருகே போனார், பேசினார், கையை உயர்த்தினார். அது எலினார் இல்லை. முன்பின் மனிதர் தொட்டிராத காட்டு யானை! துதிக்கையால் தூக்கிப் பாறைகள் மேல் வீசியது. வலது கால் நொறுங்கிப்போனது. கதை முடிந்தது என்றுதான் டாஃப்னி நினைத்தார். ஆனால் அந்த யானை அருகில் வந்து, தந்தங்களை அவர் உடம்புக்கும் பாறைக்கும் நடுவே மெல்ல நுழைத்து அவரைத் தூக்கி நிறுத்தப் பார்த்தது. அந்தக் கணத்தில்தான், உயிரோடு மீண்டால் வாழ்நாள் முழுக்க இந்தப் பிராணிகளுக்கே என்று முடிவு செய்ததாக டாஃப்னி பின்னாளில் சொன்னார்.

இதுவரை 300-க்கும் மேற்பட்ட அநாதை யானைகள் இந்தப் பராமரிப்பாளர்களின் கைகளில் வளர்ந்திருக்கின்றன. காட்டுக்குப் போனவை அங்கே ஈன்ற குட்டிகள் 50-ஐத் தாண்டிவிட்டன. வயிற்றில் 22 மாதம் சுமந்து, காட்டில் பெற்று, சில தாய்கள் பிறந்து ஓரிரு நாளிலேயே குட்டியை முகாமுக்கு அழைத்து வந்துவிடுகின்றன. கூடவே வரும் மற்ற பெண் யானைகள் குட்டியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மனிதர்களைத் தாய் தடுப்பதில்லை, ஒரு காலத்தில் புட்டி பிடித்த கை என்று அதற்குத் தெரியும். அன்று முகாமில் பெயர் சூட்டு விழா! ஆங்கிலத்தில் தாயின் பெயருக்கு எந்த எழுத்து முதலோ அதிலேயே குட்டிக்கும் பெயர் வைப்பது வழக்கம். 2008-ல் எமிலிக்கு ஈவ். 2011-ல் முலிகாவுக்கு முவெண்டே. 2012-ல் யாட்டாவுக்கு யேட்டு. தகப்பன்மார் காட்டுக் கொம்பன்கள்!