புல்ஸ்னிற்ஸ் என்னும் சிற்றூர்

ஓர் ஊரின் பெருமையை அதன் பரப்பினாலும் சனத்தொகையினாலும் அளத்தல் உலகவழக்கு. அவ்வளவுகோலுக்கு அடங்காத ஊர்களும் உள. ஜேர்மனி தேசத்தின் கிழக்கே, சாக்சனி மாநிலத்திலுள்ள புல்ஸ்னிற்ஸ் அத்தகையதொன்று. ஏறத்தாழ 7,500 மக்களே வாழும் இவ்வூரைப்பற்றித் தமிழர் அறியவேண்டுவன சில உள. அவற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

டிரெஸ்டன் நகருக்கு வடகிழக்கே, காடடர்ந்த சிறு குன்றுகளுக்கிடையே, புல்ஸ்னிற்ஸ் என்னும் சிற்றாற்றின் கரையில் இவ்வூர் அமைந்துளது. ஆற்றின் பெயரே ஊர்ப்பெயருமாயிற்று. முற்காலத்தில் இவ்வாறு மைசன் நாட்டுக்கும் மேல் லவுசிற்ஸ் நாட்டுக்கும் எல்லையாய் விளங்கியது. ஊர்ப்பெயர் 1225ஆம் ஆண்டுச் சாசனமொன்றில் முதன்முதல் வருகின்றது. 1375இல் நகருரிமை கிடைத்தது. நெடுங்காலம் பொகீமிய முடியின் கீழிருந்த மேல் லவுசிற்ஸ் 1635இற் சாக்சனியரைச் சேர்ந்தது. 1949 முதல் 1990 வரை கிழக்கு ஜேர்மனியில் அடங்கியிருந்த இவ்வூர், பின்னர் ஒன்றுபட்ட ஜேர்மனியின் பகுதியாயிற்று.

இவ்வூரார் கைத்தொழிலாற் பெயர்பெற்றவர். அவற்றுள் முதன்மையானது ‘மிளகு அப்பம்’ எனப் பொருள்படும் பெயருடைய ஒருவகைப் பணியாரம். 1558இல் இவ்வூர் வெதுப்பகத்தார் அதனைச் சுடுதற்கு உரிமை பெற்றனர். மாவையும் தேனையும் அல்லது பாகையும் பிசைந்து, கொழுப்புச் சேர்க்காது, வாரக்கணக்காக வைத்திருந்து, பின்னரே வாசனைப்பொருள் கூட்டிச் சுடுவர். பெயரில் மிளகு உளதாயினும் பணியாரத்தில் முதலிடம் பெறுவன கறுவா, கராம்பு, ஏலம் முதலியன. தூரதேசத்துச் சரக்கு அனைத்தையும் ‘மிளகு’ என்றழைத்த பழைய வழக்கே இப்பெயரிற் காணப்படுவது. இலங்கைக் கறுவாவையும் மலையாளக்கரை மிளகையும் தேடி ஐரோப்பியர் கடல்கடந்த வரலாற்றின் மறுமுனையை இத்தகைய அடுப்பங்கரையிலே காணலாம்.

மற்றொன்று நீல அச்சுத்துணி. மரவச்சினாற் பசையொன்றைத் துணியிற் பதித்து, அவுரிச்சாயத் தொட்டியில் அமிழ்த்துவர். வெளியில் எடுத்ததும் மஞ்சட்பசுமையாயிருக்கும் துணி, காற்றுப்பட்டு நீலமாக மாறும். பசையைக் கழுவியதும் வெண்ணிறக் கோலங்கள் தோன்றும். ஜேர்மனி உட்பட ஐந்து நாடுகளின் இக்கலையை யுனெஸ்கோ 2018இல் மானிட மரபுச் செல்வப் பட்டியலிற் சேர்த்தது.

வைமர் நகரிற் கேதே, சில்லர் என்னும் புலவரிருவருக்கும் 1857இல் எழுந்த சிலையைச் சமைத்த ஏர்ன்ஸ்ற் றீற்செல் 1804இற் பிறந்ததும், வேளாண் அறிஞர் யூலியஸ் கியூன் 1825இற் பிறந்ததும் இவ்வூரிலேயே.

இனி, நமக்கு நெருங்கியவர் ஒருவர் உளர். அவர் 1682இல் இங்குப் பிறந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு. இளமையிலேயே பெற்றோரை இழந்த இவர், தென்மார்க்கு அரசரால் அனுப்பப்பெற்று, 1706 யூலை 9ஆந் திகதி தரங்கம்பாடியை அடைந்தார். சிறுவரோடிருந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். இவர் தமிழிற் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. இவரது தமிழிலக்கணம் 1716இல் ஹாலே நகரில் வெளிவந்தது. திருக்குறள் முதலிய ஏடுகளை நாடிச் சேர்த்து, அவற்றுக்கு விளக்க அட்டவணையும் எழுதினார்.

இவர் வந்த நோக்கம் மதமாற்றமே, அதனை மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும், தாம் மாற்றவந்த மக்களின் சமயத்தை அவர்தம் நூல்களாலும் வாய்மொழியாலும் அறிதல் வேண்டுமென்று துணிந்தார். தமிழருக்கு வினாக்கள் விடுத்து, அவர் எழுதிய மறுமொழிகளை ஜேர்மன் மொழியாக்கி அனுப்பினார். தென்னாட்டுத் தெய்வங்களைப்பற்றி 1713இல் நூலொன்றும் எழுதினார். ஹாலேயிலிருந்த மேலோர் அதனை அச்சிட உடன்பட்டிலர். 1719இல், தமது 36ஆம் வயதில், அவர் தரங்கம்பாடியிற் காலமானார். அந்நூல் 1867இலேயே சென்னையில் அச்சேறிற்று. எழுதியவர் காணாத அந்நூல், 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் தமிழர் வழிபாட்டை ஆராய்வோர்க்கு இன்று பெரிதும் பயன்படுகின்றது.

நம் பழைய மாணவர் பலர் இன்று பிறநாடுகளிற் குடியேறியுளர். ஜேர்மனியில் வாழும் ஈழத்தமிழரும் பலர். தாம் வாழும் ஊரின் மொழியையும் வழக்கத்தையும் தொழிலையும் கேட்டறிந்து தமிழில் எழுதிவைத்தல் அவர்க்கு எளிதிற் கைகூடும் பணி. உடனே அச்சேறாதென்று அதனைக் கைவிடுதல் தகாது. புல்ஸ்னிற்ஸ் மைந்தர் நம்மைப்பற்றி எழுதிய ஏடு 154 ஆண்டு காத்திருந்தே அச்சுக்கண்டது.