ரத்தம் அவர்களுடையது, மருந்து யாருடையது?

எபோலா ஜுரத்துக்கு மருந்தே கிடையாது என்று உலகம் நெடுங்காலம் சொல்லிவந்தது. அந்த வார்த்தை இன்று உண்மையன்று. அன்றுங்கூட முழு உண்மையாக இருந்ததில்லை என்பது நமது அபிப்பிராயம்.

காங்கோ தேசத்தின் யாம்புக்கு கிராமத்தில் 1976-ம் வருஷம் இந்நோய் கண்டறியப்பட்டது. இதற்கு ரத்தப்போக்கு ஜுரம் என்று பெயர் உண்டாயினும், ரோகிகளில் பெரும்பாலோர் ரத்தம் கொட்டி மாள்வதில்லை. வாந்தியாலும் பேதியாலும் உடலின் நீரும் உப்பும் வற்றி, ரத்த ஓட்டம் தளர்ந்து, சிறுநீரகம் ஓய்ந்து மாள்கிறார்கள். ஆகவே ரத்தக் குழாய் வழியே நீர் ஏற்றுவதும், குறைந்த உப்புக்களை அளந்து ஈடு செய்வதும், தாதிகள் இரவு பகலாக அருகிலிருந்து பராமரிப்பதுமே சிகிச்சைக்கு அஸ்திவாரம்.

இந்த அஸ்திவாரம் யாருக்குக் கிடைத்தது? 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய கொள்ளைநோயில் 28,600 பேருக்கு மேல் நோயுற்றனர். 11,300 பேருக்கு மேல் மாண்டனர். அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிகிச்சை பெற்ற 27 பேரில் இறந்தவர் ஐவரே. கிருமி ஒன்றுதான், ஆஸ்பத்திரிதான் வேறு.

சியரா லியோனின் கெனிமா ஆஸ்பத்திரியில் எபோலா ரோகிகளைக் காத்துவந்த டாக்டர் ஷேக் உமர் கான், 2014 ஜூலை 29-ந் தேதி அந்நோய்க்கே பலியானார். பரீட்சை நிலையிலிருந்த ஒரு மருந்து அவர் படுத்திருந்த ஊரிலேயே இருந்தது. ஆலோசித்தவர்கள் கொடுக்க வேண்டாமென்று முடிவு செய்தனர். அதே மருந்து பின்னர் இரண்டு அமெரிக்கருக்குக் கொடுக்கப்பட்டது, இருவரும் பிழைத்தனர். மருந்தினால்தான் பிழைத்தார்களென்று நாம் சாதிக்கவில்லை. கானுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை என்றே சொல்கிறோம்.

மருந்துக்கு வழி காட்டியதோ ஆப்பிரிக்காதான். 1995-ல் காங்கோவின் கிக்விட் நகரில் டாக்டர் முயெம்பேயும் அவர் சகாக்களும், பிழைத்தெழுந்தவர்களின் ரத்தத்தை எட்டு ரோகிகளுக்குச் செலுத்தினர், எழுவர் பிழைத்தனர். எட்டுப் பேரைக்கொண்டு எதையும் நிரூபிக்க இயலாதென்று மேனாட்டு நிபுணர் பலர் நம்ப மறுத்தனர். ஆனால் அதே கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்தே, பல வருஷங்களுக்குப் பின், எபாங்கா என்னும் எதிர்ப்புப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது.

2018 நவம்பர் முதல் 2019 ஆகஸ்டு வரை, யுத்தம் நடந்துகொண்டிருந்த கிழக்குக் காங்கோவில், சிகிச்சை நிலையங்கள் தாக்கப்பட்ட நாட்களிலேயே, 681 ரோகிகளிடம் நான்கு மருந்துகள் பரீட்சிக்கப்பட்டன. அமெரிக்கருக்குக் கொடுத்த பழைய மருந்தைப் பெற்றவர்களில் பாதிப்பேர் இறந்தனர். எபாங்காவையோ இன்மாஸெப்பையோ பெற்றவர்களில் இறந்தவர் மூன்றிலொரு பங்கினரே. ரத்தத்தில் கிருமி மிகாதிருக்கும்போதே இவற்றைப் பெற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்தனர். ஒவ்வொரு நாள் தாமதமும் ஆபத்தைப் பெருக்குகிறது என்பதும் அப்போது வெளியாயிற்று. 2020-ல் அமெரிக்க சர்க்கார் இரண்டையும் அங்கீகரித்தது. 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் சிபாரிசு செய்தது.

ஆயினும் இவை சகல எபோலாவுக்கும் மருந்தல்ல. 2022-ல் உகாண்டாவில் பரவிய சூடான் வகைக்கு இவை பயன்படவில்லை. அன்றியும், இரண்டையும் விற்பனைக்குக் கொணர்ந்தவை அமெரிக்கக் கம்பெனிகள். ரத்தமும் பரீட்சையும் காங்கோவினுடையவை. உரிமையோ கடல் கடந்து நிற்கிறது.

நோய் தோன்றும் நாட்டில் மருந்து முன்கூட்டியே சேமிக்கப்பட வேண்டும். கிராம ஆஸ்பத்திரியில் நீரேற்றும் வசதியும், தாதிகளுக்குப் பாதுகாப்பும் இருக்க வேண்டும். தன் நோய்க்குத் தானே மருந்து செய்யும் ஆற்றலை ஆப்பிரிக்கா பெற உலகம் துணை நிற்க வேண்டும். இதைத் தர்மமென்று யாரும் பெருமை கொள்ள இடமில்லை. இது பட்ட கடனைத் தீர்ப்பதேயாகும்.